ஜன்னல் பக்கத்துக் கை

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைச் செல்லம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மனிதத் தோலிலிருந்து எடுத்த செல்களுக்குப் பதினாறு வருடமாகத் தீனி போட்டு வளர்க்கிறவள் என்பதால், செல்லுக்கு அம்மா செல்லம்மா என்று யாரோ கேலியாக ஆரம்பித்தார்கள். வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவள் வேலை, கேட்பதற்கு எளிது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் குப்பிகளின் அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு திரவம் நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒரு தும்மல் போதும், ஒரு மாத உழைப்பில் பூஞ்சை பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், உறவுக்காரர் வருகை என்பதெல்லாம் செல்களுக்குத் தெரியாது. பசித்தால் பசித்ததுதான்.

அந்த வருடம் பேராசிரியர் மாதுளையின் தோலைக் கையில் எடுத்திருந்தார். ஐம்பது வயது, சன்னமான குரல், யாரையும் திட்டாமலே பயமுறுத்தத் தெரிந்த பெண்மணி. வாசலிலிருந்த ஜூஸ் கடையில் வீணாகும் மாதுளைத் தோலை மூட்டையாக வாங்கி வந்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து, வடிகட்டி வற்றவைத்தால் கொஞ்சம் பழுப்புப் பொடி மிஞ்சும். அதுதான் சாறு. வெயிலும் புகையும் வயதும் சேர்ந்து தோல் செல்லுக்குள் ஒரு சேதத்தை உண்டாக்குகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று கட்டுரையில் எழுதுவார்கள். இரும்பில் துரு ஏறுகிற மாதிரி என்று செல்லம்மா வீட்டில் சொல்லுவாள். அந்தத் துருவை மாதுளைச் சாறு தடுக்குமா என்பதே கேள்வி.

“தோலுக்குத் தோலே மருந்தா?” என்று அவள் கணவர் கேட்டதோடு சரி, அதற்குமேல் அவர் அதில் இறங்கவில்லை.

சோதனைக்குப் பேருந்து ஓட்டுநர்கள் தேவைப்பட்டார்கள். ஓட்டுநருக்கு ஒரு கை ஜன்னல் பக்கம், வருடக்கணக்கில் வெயில் தின்ற கை. இன்னொரு கை உள்பக்கம், நிழலில் இருந்த கை. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே சாப்பாடு, ஆனால் இரண்டு விதத் தோல். இரண்டு கைகளிலிருந்தும் ஆளுக்கு மிளகளவு தோலெடுத்து வளர்த்து, சாறு கொடுத்தும் கொடுக்காமலும் சோதித்துப் பார்க்கலாம். ஏழு பேர் வேண்டும் என்றார் பேராசிரியர். ஆறு பேர் கிடைத்தார்கள். ஏழாவது ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. தோலை வெட்டுவார்கள் என்றதும் பாதிப் பேர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தபோது, சாப்பிட வந்திருந்த நாத்தனார் கையை நீட்டினாள்.

“என் தோலை எடுத்துக்கங்க அண்ணி. நல்லாத் தடிச்ச தோலு. தாராளமா வெட்டலாம்.”

நாத்தனார் பேருந்து ஓட்டுகிறவள். செல்லம்மாவின் கணவருக்கு ஒரே தங்கை. பதினேழு வருட அனுபவம், அகன்ற தோள், ஹாரனுக்கு வேலை வைக்காத குரல். தெருவில் யாராவது குடை பிடித்துப் போனால், “ஏங்க, வெயில் என்ன உங்களைக் கடிச்சா தின்னுடும்?” என்று பேருந்தில் இருந்தபடியே கேட்டுவிட்டுப் போகிற ரகம்.

செல்லம்மா அவள் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு விஷயம் இருந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் யாரோ நாத்தனாரிடம், “உங்க அண்ணி என்ன வேலை பாக்கறாங்க?” என்று விசாரித்தார்கள். “ஏதோ லேபாம். புட்டி கழுவறாங்க” என்றாள் நாத்தனார். நாலு பேர் சிரித்தார்கள். தண்ணீர் டம்ளரோடு அவளுக்குப் பின்னால்தான் செல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து செல்லம்மா அவளோடு முகம் கொடுத்துப் பேசினாள். மனம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். மற்றவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் ஏழாவது ஆள் வேண்டியிருந்ததே.

சொந்தக்காரர் என்பதைப் பேராசிரியரிடம் முதலிலேயே சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, “குப்பி மேல பேர் இருக்கப் போறதில்லை, எண்தான். வரட்டும்” என்றார்.

நாத்தனார் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். தோல் மருத்துவப் பிரிவில் படிவத்தை வாசித்து வாசித்துப் பதில் எழுதிக்கொண்டார்கள். நான்காவது கேள்வி: வண்டி ஓட்டும்போது ஜன்னல் பக்கக் கையைத் துணியால் மூடுவீர்களா? “இல்லவே இல்லை” என்று நாத்தனார் சொன்னது வெளியே தாழ்வாரம் வரை கேட்டது. அங்கேதான் ஐஸ் பெட்டியோடு செல்லம்மா காத்திருந்தாள். நர்ஸ் இரண்டு சிறு குப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். செல்லம்மா ஒன்றில் 7ஜ என்றும் இன்னொன்றில் 7உ என்றும் எழுதினாள். ஜன்னல், உள்பக்கம். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையிலும் பிளாஸ்திரியோடு நாத்தனார் வெளியே வந்தாள்.

“அண்ணி, நீங்க வேலை பாக்கற எடத்த ஒரு தடவ பாக்கலாமா?”

“வெளியாள் உள்ள வரக் கூடாது” என்றாள் செல்லம்மா, நிமிர்ந்து பார்க்காமல்.

நாத்தனார் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு வாரத்தில் தோல் துணுக்குகளின் ஓரத்திலிருந்து செல்கள் ஒன்றொன்றாக நகர்ந்து வெளியே வந்தன. அவற்றைப் பெருக்கி, பிரித்து, சோதனைக்குத் தயாராக்க இன்னும் ஒரு மாதம். முதல்நாள் சாறு கொடுத்து, மறுநாள் அதை நன்றாகக் கழுவி எடுத்துவிட்டு, செல்களுக்குப் பெராக்சைடை ஊற்றுவார்கள். அதுதான் துரு ஏற்றும் திரவம். பிறகு ஒரு சாயம். உள்ளே சேதம் எவ்வளவோ அவ்வளவு பச்சையாக ஒளிரும்.

ஆறு பேருடைய செல்களும் ஒரே கதையைத்தான் சொல்லியிருந்தன. ஜன்னல் பக்கச் செல்கள் நோஞ்சான்கள், பெராக்சைடு பட்டதும் பளீரென்று பச்சையாயின. சாறு குடித்தவை அந்த அளவுக்கு ஒளிரவில்லை. உள்பக்கச் செல்கள் கெட்டி. ஏழாம் எண் மட்டும் தலைகீழ். 7ஜ கல்லுக்குண்டு மாதிரி நின்றது. 7உ வாடிப் போனது.

பேராசிரியர் அந்த வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“காரணம் தெரிஞ்சா ஒருத்தரை விடலாம். நமக்குப் பிடிக்கலைங்கறதுக்காக விட முடியாது. மறுபடி பண்ணுங்க.”

மறுபடி செய்தாள். அதே விடை. மூன்றாவது முறையும் அதே.

அன்று கை கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த எண்ணம் செல்லம்மாவுக்குள் நுழைந்தது. தாழ்வாரத்தில், நாத்தனார் பேச்சுக் கொடுத்த நேரத்தில், எரிச்சலில், எதில் ஜ எழுதினோம், எதில் உ எழுதினோம்? நர்ஸ் ‘இது ஜன்னல் பக்கம்’ என்று சொல்லிக் கொடுத்தது நினைவிருந்தது. அதை எந்தக் கையில் வாங்கினோம் என்பது நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் வெறும் எரிச்சல்தான் நின்றது.

சோதித்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இரண்டும் ஒரே ஆளுடைய செல்கள். அவர்களிடமிருந்த எந்தக் கருவியாலும் இது வலது, இது இடது என்று பிரிக்க முடியாது.

மூன்று வாரம் அதையே சுமந்தாள். வீட்டில் இரண்டு முறை உப்புப் போட மறந்தாள். கணவர் ஒன்றும் சொல்லாமல் உப்பு டப்பாவை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஏழாம் எண்ணைத் திறக்கும்போதெல்லாம் கை ஒரு கணம் தயங்கியது. பதினாறு வருடத்தில் அவள் கை அவளை ஏமாற்றியதே இல்லை. இப்போது மற்ற குப்பிகளில் எழுதியதையும் இரண்டு முறை வாசித்துப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதினாள்: ‘ஏழாம் எண் குப்பிகளில் அடையாளம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. தவறு என்னுடையது.’ கையெழுத்துப் போட்டுப் பேராசிரியரின் மேசையில் வைத்தாள்.

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பதினாறு வருஷத்துல இதுதான் முதல் தடவை, இல்ல?”

“ஆமா மேடம்.”

“எனக்கு வருத்தம்தான். ஆனா சொன்னீங்களே, அது போதும். அவங்க இன்னொரு தடவை தோல் கொடுப்பாங்களான்னு கேளுங்க. மாட்டேன்னா ஏழாம் எண்ணை விட்டுடுவோம். காரணம் இருக்கே இப்போ.”

தொலைபேசியில் கேட்கிற விஷயமாக அது செல்லம்மாவுக்குப் படவில்லை. புட்டி கழுவுகிறவள் என்று சொன்னவளிடமே போய், புட்டியை மாற்றி வைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லிவிட்டால் ஒரே வலியோடு முடியும். மறுநாள் மத்தியானம், ஓட்டுநர்கள் மாறும் நேரத்துக்குப் பணிமனைக்குப் போனாள்.

அங்கே அவள் போனதே இல்லை. டீசல் மணமும் சூடான டயர் மணமும் கலந்து வந்தன. வரிசையாக நின்ற பேருந்துகளின் நிழலில் ஆட்கள் நின்றபடியே டீ குடித்தார்கள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாத்தனாரின் பேருந்து வளைந்து உள்ளே வந்தது.

ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை பழுப்புக் கட்டம் போட்ட துணி.

செல்லம்மாவுக்கு அந்தக் கட்டம் தெரியும். எத்தனையோ முறை அவளே துவைத்து இஸ்திரி போட்ட கட்டம். கணவரின் முழுக்கைச் சட்டை. போன வருடம் கொடியிலிருந்து காணாமல் போனது. அதன் கையை மட்டும் வெட்டி, இரண்டு முனையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தது.

நாத்தனார் படியில் இறங்கினாள். அண்ணியைப் பார்த்ததும் துணியைச் சரசரவென்று உருவிப் பைக்குள் திணித்தாள்.

“என்ன அண்ணி, இந்தப் பக்கம்? வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?”

“அது என்ன?”

“எது?”

“இப்ப கையிலேர்ந்து கழட்டினியே.”

“அதுவா? சும்மா. தூசிக்கு.”

“எவ்வளவு நாளா?”

“இப்பத்தான்.” நாத்தனார் தரையைப் பார்த்தாள். “ஒரு பன்னெண்டு, பதிமூணு வருஷமா.”

செல்லம்மா பேருந்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்பிலிருந்த பாரம் ஒன்று இறங்கிய நிம்மதி முதலில் வந்தது. அது முழுதாக வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

“ஃபாரத்துல ஏன் இல்லைன்னு சொன்னே?”

“ஆமான்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?”

“எடுத்திருக்க மாட்டோம்.”

“அதான்.”

“என்ன அதான்? மூணு தடவ திருப்பித் திருப்பிச் செஞ்சேன். மூணு வாரமா என் கையை நானே நம்பாம உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன், தெரியுமா உனக்கு? எத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரு!”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரிடம் ஒருவர் குரலை உயர்த்துவதை அந்தப் பணிமனை அதற்கு முன் பார்த்திருக்காது.

எதற்கும் பதில் வைத்திருக்கிற நாத்தனார், கையிலிருந்த பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினாள். பிறகு அண்ணிக்குப் பக்கத்தில் படியில் உட்கார இடம் தேடினாள். இடம் போதவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

“இவ்வளவு ஆகும்னு நினைக்கலை அண்ணி. ஒரு துணி போட்டா என்ன, போடாட்டி என்னன்னு நினைச்சேன். ஊரையே குடைக்குக் கேலி பண்ணிட்டு நானே உறை மாட்டிக்கறேன்னு வீட்டுல தெரிஞ்சா மானம் போயிடும்னும் இருந்துச்சு. ஆனா அது மட்டும் இல்லை.”

“வேற என்ன?”

“உங்க வேலையில நானும் ஒரு மூலையில இருக்கணும்னு தோணிச்சு. அவ்வளவுதான். எனக்குச் சொல்லத் தெரியல.”

செல்லம்மா முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

“யாருகிட்டச் சொல்லணும்? நானே வந்து சொல்றேன்” என்றாள் நாத்தனார். “ஆனா வெளியாள் உள்ள வரக் கூடாதுன்னீங்களே.”

“புதன்கிழமை மட்டும் வெளியாள் வரலாம்.”

“அன்னிக்கு நான் தோல் கொடுத்தது என்ன கிழமை?”

செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “புதன்கிழமைதான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று பிறகு இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. கோபம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் டீ வந்தது, குடித்தார்கள்.

மறுநாளே புதன். நாத்தனார் இரண்டு நடைக்கு நடுவில் சீருடையோடு வந்தாள். பேராசிரியர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி நின்று, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். கை உறையை எடுத்து மேசையில் வைத்தாள். பேராசிரியர் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எத்தனையாவது உறை?”

“நாலாவது மேடம். எல்லாம் எங்க அண்ணன் சட்டைதான்.”

“இன்னொரு கையில?”

“அந்தக் கையில ஒண்ணும் போடறதில்லை. நான் ஓட்டற தடத்துல முன்கண்ணாடி வழியா நாள் முழுக்க அதுலதான் வெயில் அடிக்கும். அதுக்குப் பெரிசா கவலைப்பட்டதில்லை.”

பேராசிரியர் மெல்லத் தலையாட்டினார். “அப்போ செல்லு சரியாத்தான் சொல்லியிருக்கு. நாமதான் நம்பல.” பிறகு அந்தச் சன்னக் குரலிலேயே சொன்னார். “நீங்க சொன்ன ஒரு ‘இல்லை’யினால எங்களுக்கு மூணு வாரம் போச்சு. அதைவிட, நல்லா வேலை தெரிஞ்ச ஒருத்தர் தன்னையே சந்தேகப்பட வேண்டியதாச்சு. அது எனக்குப் பிடிக்கலை.”

“தப்புதான் மேடம்.”

“ம்.” குறிப்பேட்டைத் திறந்தார். செல்லம்மா எழுதியதை அடிக்கவில்லை. ஆய்வுக் குறிப்பேட்டில் எதையும் அடிக்கக் கூடாது. அதன் கீழே எழுதினார்: ‘அடையாளத்தில் தவறில்லை. படிவத்தில் கிடைத்த தகவல் தவறு. ஏழாம் எண் நீக்கப்படுகிறது.’ தேதி போட்டுக் கையெழுத்திட்டார். “வந்தது வந்தீங்க, பாத்துட்டுப் போங்க” என்று உள்ளே கையைக் காட்டினார்.

செல்லம்மா நாத்தனாருக்கு வெள்ளை அங்கி மாட்டிவிட்டாள். முன்பக்கம் பொத்தான் எட்டவில்லை. ஒரு குப்பியை நுண்ணோக்கியின் கீழே வைத்துச் சரிசெய்து, “இப்பப் பாரு” என்றாள்.

நாத்தனார் குனிந்தாள். நீளநீளமாக, இரண்டு முனையும் கூரான உருவங்கள் ஒரே திசையில் படிந்திருந்தன, வாரிவிட்ட முடி மாதிரி.

“இதுல நான் எது?”

“எல்லாமே நீதான்.”

“ஐயோ அண்ணி, ஒல்லியா இருக்கேனே!”

பக்கத்து மேசையில் வேலை செய்தவர்கூடச் சிரித்துவிட்டார். நாத்தனார் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. இது பெருகுமா, இதற்கு வயசாகுமா, தூங்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெருகும், வயசாகும், நாற்பது ஐம்பது தடவை பெருகிய பிறகு நின்றுவிடும் என்று செல்லம்மா சொன்னாள்.

தீனி மாற்றும் நேரம் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் கையை நீட்டி, பழையதை உறிஞ்சி, குப்பியின் சுவரோரமாகப் புதியதை இறக்கினாள் செல்லம்மா. செல்கள் மேல் நேரே விழுந்தால் பெயர்ந்துவிடும். நாத்தனார் இரண்டடி தள்ளி நின்று, யாரும் சொல்லாமலே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

“அண்ணி.”

“ம்.”

“அந்தக் கல்யாணப் பந்தியில நான் சொன்னேன்ல.”

செல்லம்மாவின் கை நிற்கவில்லை.

“நீங்க கேட்டது எனக்கு அப்பவே தெரியும். திரும்பினப்போ டம்ளரோட நின்னீங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பதினோரு வருஷம் ஓடிடுச்சு.”

“கொஞ்சம் இரு. இன்னும் ரெண்டு குப்பி இருக்கு.”

இரண்டையும் முடித்தாள். மூடிகளைத் திருகினாள். எல்லாவற்றையும் சூட்டுப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினாள்.

“புட்டியும் கழுவறேன்தான்” என்றாள். “வெறும் தண்ணியில எட்டு தடவை அலசணும். சோப்பு மிச்சம் ஒரு துளி இருந்தாலும் இதெல்லாம் செத்துடும். அதைச் சிரிக்கிற மாதிரி சொன்னியே, அதுதான் எனக்குத் தாங்கலை.”

“தெரியுது அண்ணி. இப்பத் தெரியுது.”

செல்லம்மா அவள் தோளிலிருந்து அங்கியைக் கழற்றிவிட்டாள். “நடைக்கு நேரமாகலையா உனக்கு?”

ஏழாவது ஆளை நாத்தனாரே பிடித்துக் கொடுத்தாள். அவள் பணிமனையில் ஒருவர் இருந்தார், முழங்கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடாமல் ஓட்டவே தெரியாதவர். எட்டாம் எண் ஆனார். அவருடைய செல்கள் மற்ற ஆறு பேரின் வழியிலேயே போயின. முதல்நாளே சாறு கொடுத்தால் ஜன்னல் பக்கச் செல்களில் சேதம் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. பெராக்சைடு ஊற்றிய பிறகு கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. பெரிய வெற்றி என்று பேராசிரியர் சொல்லவில்லை. நேர்மையான விடை என்றார். இதிலிருந்து ஒரு களிம்பு வருமா என்று நாத்தனார் கேட்டதற்கு, வரலாம், வர வருடக்கணக்காகும், வராமலும் போகலாம் என்று செல்லம்மா சொன்னாள்.

நீக்கப்பட்டவரின் செல்களை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அழித்துவிட வேண்டும். அந்த நாள் வந்தபோது செல்லம்மா சாப்பாட்டு இடைவேளையில் நாத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“இன்னிக்கு உன்னுதையெல்லாம் கொட்டணும். சொல்லிட்டுச் செய்யலாம்னு கூப்பிட்டேன்.”

மறுமுனையில் பணிமனைச் சத்தம். பிறகு அந்தக் குரல்.

“கொட்டுங்க அண்ணி. எங்கிட்ட இன்னும் நிறைய இருக்கு.”

செல்லம்மா ஒவ்வொரு குப்பியாகத் திறந்து பிளீச்சிங் திரவத்தை ஊற்றினாள். இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீர் நிறமானது. பதினாறு வருடத்தில் எத்தனையோ பேருடைய செல்களை இப்படிக் கொட்டியிருக்கிறாள். இந்தத் தடவை விதியில் சொன்ன பத்து நிமிடத்துக்கு மேல் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்றைய குறிப்பை எழுத ஆரம்பித்தாள்.